தொட்டியில் ஆலிவ்: இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது, என்ன செய்யலாம்?

மலர்விழி_மெல்பர்ன் | ஜனவரி 11

வணக்கம். மெல்பர்னின் மேற்குப் பக்கம், செயின்ட் ஆல்பன்ஸில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மகள் பிறந்தபோது அவள் பெயரில் ஒரு மரம் வைக்கச் சொல்லி அப்பா ஊரிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பிறந்தபோது மணப்பாறை வீட்டு வாசலில் அவர் வைத்த வேம்பு இன்றும் நிற்கிறது. எங்களுக்கு இங்கே சொந்த நிலம் இல்லை. வீடு மாறினாலும் கூடவே எடுத்துப் போகலாம் என்று தொட்டியில் இரண்டு ஆலிவ் வாங்கினோம். ஒன்று ஆர்பெக்கினா ரகம், இன்னொன்று மன்சனில்லோ ரகம். இரண்டும் என் தோள் உயரம்.

இப்போது இரண்டுமே வாடுகின்றன. மன்சனில்லோவில் கீழ் இலைகள் முழுதாக மஞ்சளாகி, தொட்டாலே உதிர்கின்றன. நுனிக் கொழுந்து தொங்குகிறது. ஆர்பெக்கினா கொஞ்சம் வேறு மாதிரி: இலையின் மேல்பக்கம் ஊசியால் குத்தியது போல மஞ்சள் புள்ளிகள், பிறகு இலை முழுக்க வெளிறிப் போகிறது.

போன வாரம் இரண்டு நாள் 40 டிகிரி. அதனால் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை தண்ணீர் ஊற்றுகிறேன். மாதம் ஒரு முறை எருவும் போடுகிறேன். எது குறைகிறது என்று தெரியவில்லை. மகள் பெயரில் வைத்த மரம் என்பதால் மனசு கேட்கவில்லை.

அடிலெய்டு_செல்வம் | ஜனவரி 11

மலர்விழி, பதறாதீர்கள். ஆலிவ் அவ்வளவு சீக்கிரம் போகிற மரம் இல்லை. பதில் சொல்வதற்கு முன் சில விஷயம் தெரிய வேண்டும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருக்கிறீர்களா, அதில் தண்ணீர் நிற்கிறதா? என்ன மண் போட்டீர்கள்? மன்சனில்லோவில் எல்லாக் கிளையும் மஞ்சளாகிறதா, ஒரே ஒரு கிளை மட்டுமா? ஆர்பெக்கினாவின் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். கரும்பழுப்பில் புள்ளி புள்ளியாக எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கிறதா?

அம்பத்தூர்_மாடித்தோட்டம் | ஜனவரி 12

அக்கா, பூச்சி என்றால் ஐந்து மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலுடன் ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து தெளியுங்கள். இங்கே மாடியில் எல்லாச் செடிக்கும் அதுதான்.

இந்த இழையிலேயே நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சென்னையில் ஆலிவ் வளருமா? ஆன்லைனில் ஒரு கன்று எண்ணூறு ரூபாய்க்குப் பார்த்தேன். "இரண்டே வருடத்தில் காய்க்கும்" என்று போட்டிருந்தார்கள்.

மலர்விழி_மெல்பர்ன் | ஜனவரி 12

செல்வம் அண்ணா, தட்டு இருக்கிறது. தண்ணீர் வீணாகக் கூடாது என்று தட்டில் நிற்பதை அப்படியே விட்டுவிடுவேன், மரம் உறிஞ்சிக்கொள்ளும் என்று நினைத்தேன். மன்சனில்லோவில் எல்லாக் கிளையும் மஞ்சள்தான். மண், போன வருடம் தக்காளியும் கத்தரியும் போட்டிருந்த பெட்டியிலிருந்து எடுத்தது, கொஞ்சம் புது மண்கலவையும் சேர்த்தேன்.

ஆர்பெக்கினா இலையைத் திருப்பிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே இருக்கிறது. பழுப்புப் புள்ளிகளுக்கு நடுவில் எள்ளைவிடச் சின்னதாக, கறுப்பும் சாம்பலும் கலந்த பூச்சிகள், கும்பல் கும்பலாக. படம் இணைத்திருக்கிறேன்.

அடிலெய்டு_செல்வம் | ஜனவரி 12

சரி, விஷயம் தெளிவாகிவிட்டது. உங்களிடம் இருப்பது ஒரே நோய் வந்த இரண்டு மரம் இல்லை. இரண்டு மரத்துக்கும் இரண்டு வேறு பிரச்சினை.

முதலில் சுலபமானது. ஆர்பெக்கினாவில் இருப்பது லேஸ் பக் என்கிற பூச்சி. இது ஆஸ்திரேலியாவுக்கே உரியது. இங்கே இருக்கும் காட்டு மரம் ஒன்றில் வாழ்ந்துவந்தது, ஆலிவ் வந்ததும் அதற்குத் தாவிவிட்டது. இலையின் அடிப்பக்கம் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். அதனால்தான் மேல்பக்கம் புள்ளி விழுகிறது. நிறையப் பேர் இதைச் சத்துக் குறைவு என்று நினைத்து உரத்தைக் கொட்டுவார்கள். பொட்டாசியம் சோப் கரைசல் தோட்டக்கடையில் கிடைக்கும், லேபிளில் உள்ள அளவில் கலந்து மாலையில் தெளியுங்கள். மேலே தெளித்துப் பயனில்லை, தெளிப்பானைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடித்து இலையின் அடி நனைய வேண்டும். பத்துப் பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை. முதல் தெளிப்பில் முட்டை சாகாது, அது பொரித்து வரும் குஞ்சுகளுக்குத்தான் இரண்டாம் தடவை. 30 டிகிரிக்கு மேல் போகும் நாளில் தெளிக்காதீர்கள், இலை கருகும்.

அம்பத்தூர் நண்பர் சொன்ன வேப்பெண்ணெய் நம் ஊரில் நல்ல மருந்து. ஆனால் நான் இங்கே வாங்கிய பாட்டிலில் "உணவுச் செடிகளுக்கு அல்ல" என்று எழுதியிருந்தது. காய் சாப்பிடப்போகிற மரம் என்பதால் நான் சோப்போடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனி மன்சனில்லோ. அதை மூழ்கடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்வதுதான் இது, நானும் முதல் மரத்தை இப்படித்தான் சாகடித்தேன். வாடினால் தண்ணீர் ஊற்று என்று வளர்ந்தவர்கள் நாம். ஆலிவ் வேர் அழுகினாலும் இலை வாடித் தொங்கும், தாகத்தில் வாடுவது போலவே இருக்கும். அதைப் பார்த்து இன்னும் ஊற்றுவோம். இந்த மரம் பிறந்து வளர்ந்த இடம் மத்தியதரைக் கடலோரம். மழையெல்லாம் குளிர்காலத்தில், கோடை முழுக்க வறட்சி, பாறையும் சுண்ணாம்புமான மேட்டு நிலம். இலையின் அடிப்பக்கம் வெள்ளியாக மின்னுகிறதே, அது நீர் ஆவியாகாமல் காக்கும் நுண்ணிய செதில்கள். வறட்சிக்கு அவ்வளவு ஏற்பாடு செய்துகொண்ட மரம், சேற்றில் நிற்க மட்டும் பழகவே இல்லை.

சாதாரணமாக ஜனவரி வெயிலில் தொட்டி மாற்றச் சொல்ல மாட்டேன். வேர் அழுகல் என்றால் காத்திருக்க முடியாது. வெயில் தாழ்ந்ததும் மரத்தை வெளியே எடுங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில் கெட்டியாக இருக்கும். அழுகியது பழுப்பாக, பிசுபிசுப்பாக, இழுத்தால் தோல் கழன்று வரும், நாற்றமும் அடிக்கும். அழுகியதை வெட்டிவிடுங்கள். கத்தரிக்கோலை ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிட்டில் துடையுங்கள். பழைய மண்ணை மொத்தமாகத் தூக்கிப் போடுங்கள். புது மண்கலவை மூன்று பங்கு, பெர்லைட்டோ (தண்ணீர் வடியக் கலக்கும் இலகுவான வெள்ளைத் துகள்) பருமணலோ ஒரு பங்கு. தட்டு வேண்டவே வேண்டாம். தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். வேர் குறைந்ததால் மேலே கிளையையும் மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். இரண்டு வாரம் பாதி நிழல். உரம் ஒரு துளிகூடக் கூடாது.

கத்தரி, தக்காளி, மிளகாய், உருளை போட்ட மண்ணில் ஆலிவ் வைக்கவே கூடாது. அந்தக் குடும்பத்துச் செடிகளில் வரும் வெர்டிசிலியம் வாடல் நோய்ப் பூஞ்சை மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும், ஆலிவையும் தாக்கும். அது வந்தால் ஒரு பக்கத்துக் கிளை மட்டும் காயும், இலை உதிராமல் சுருண்டு கிளையிலேயே நிற்கும். ஒரு கிளையா எல்லாக் கிளையுமா என்று கேட்டது அதற்காகத்தான். அதற்கு மருந்து கிடையாது. நல்ல வேளை, உங்களுடையது அது மாதிரி தெரியவில்லை. ஆனாலும் ஆர்பெக்கினாவின் மண்ணையும் இலையுதிர் காலத்தில் மாற்றிவிடுங்கள்.

ஹாரோ_தர்சினி | ஜனவரி 13

லண்டனில் இருந்து எழுதுகிறேன். செல்வம் அண்ணா சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு வேறு அபிப்பிராயம். வேரையும் வெட்டி, கொப்பையும் வெட்டினால் மரம் இரண்டு அடியை ஒன்றாகத் தாங்க வேண்டும். நான் வேரை வெட்டிய பிறகு கொப்பைத் தொடாமல் விட்டேன். வேண்டாத இலையை மரமே உதிர்த்தது, எந்தக் கொப்பு உயிரோடு இருக்கிறது என்று வடிவாகத் தெரிந்த பிறகு வசந்தத்தில் வெட்டினேன். என் மரம் பிழைத்தது.

மலர்விழி, இன்னொன்று. மரத்தை வெயிலில் இருந்து நிழலுக்கோ உள்ளுக்கோ மாற்றினாலும் இலை கொட்டும். அதைப் பார்த்துத் திரும்பவும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பொறுமையாக இருங்கள்.

அடிலெய்டு_செல்வம் | ஜனவரி 13

தர்சினி சொல்வது லண்டன் வெயிலுக்குச் சரி. இங்கே ஜனவரியில் 40 டிகிரி, அத்தனை இலைக்கும் தண்ணீர் ஏற்றப் பாதி வேர் போதாது. இங்கே நான் வெட்டத்தான் சொல்வேன். அதே நேரம், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

மலர்விழி_மெல்பர்ன் | ஜனவரி 16

பொங்கலன்று மாலை இரண்டு பேரும் உட்கார்ந்து மன்சனில்லோவை வெளியே எடுத்தோம். தொட்டியின் கீழ்ப் பாதி சேறு. வாய்க்கால் அடி மண் மாதிரி வாடை. வேரில் ஏறக்குறைய பாதி கையோடு வந்துவிட்டது. வெட்டும்போது அழுகையே வந்துவிட்டது. மேல் பகுதியில் மட்டும் நல்ல வேர் இருந்தது. நீங்கள் சொன்ன கலவையில் வைத்து, கிளையைக் குறைத்து, கிழக்குச் சுவரோரம் நிழலில் விட்டிருக்கிறேன். சோப் கரைசலும் ஒரு தடவை தெளித்தாகிவிட்டது.

இனி எத்தனை நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் ஊற்றுவது?

அடிலெய்டு_செல்வம் | ஜனவரி 16

நாள் கணக்கு வைக்காதீர்கள், அதுதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். அங்கே உலர்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஊற்றினால் அடி ஓட்டையில் வழிகிற வரை நிறைய ஊற்ற வேண்டும், தினமும் ஒரு குவளை தெளிப்பது வேரை மேலேயே நிறுத்திவிடும். தொட்டி என்பதால் கோடையில் வாரம் இரண்டு மூன்று முறை தேவைப்படலாம். நிலத்தில் ஊன்றிய மரம் போல முழு வறட்சியைத் தொட்டி மரம் தாங்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் மழை போதும்.

கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி என்றால் வெயிலில் உள்ளே வேர் வெந்துவிடும். வெளியே ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிவிடுங்கள்.

அம்பத்தூர்_மாடித்தோட்டம் | ஜனவரி 18

அக்கா, மரம் பிழைக்கட்டும். என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. சென்னையில் காய்க்குமா?

பிகானேர்_ராஜா | ஜனவரி 18

தம்பி, நான் வேலை நிமித்தம் ராஜஸ்தானில் இருக்கிறேன். இந்தியாவில் ஆலிவைப் பெரிய அளவில் வைத்துப் பார்த்தது இங்கேதான். 2008 வாக்கில் இஸ்ரேல் நாட்டுத் தொழில்நுட்பத்தோடு, சொட்டுநீர் போட்டு, அரசுப் பண்ணைகளில் நட்டார்கள். பார்னியா, ஆர்பெக்கினா, கொரட்டினா, கொரனெய்க்கி என்று பல ரகம். பிகானேர் பக்கம் லூன்கரன்சரில் 2014-ல் எண்ணெய் ஆலையும் தொடங்கினார்கள். வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டாம், மே மாதம் 45-ஐத் தாண்டும். அப்படியும் மரம் நிற்கிறது. ஏனென்றால் இங்கே டிசம்பர், ஜனவரி இரவுகள் ஐந்து டிகிரிக்கும் கீழே போகும்.

ஆலிவுக்கு வெயில் பிரச்சினையே இல்லை, குளிர்தான் கணக்கு. இலை இடுக்கில் இருக்கும் மொட்டு பூவாக மாற வேண்டுமென்றால் ஆறு முதல் பதினொரு வாரம் வரை 9 டிகிரிக்குக் கீழான குளிர் தேவை என்று இங்கே சொல்வார்கள். ஆர்பெக்கினா போன்ற ரகத்துக்கு அதைவிடக் குறைந்த குளிர் போதும். ஆனால் சென்னையில் ஜனவரி இரவே 20 டிகிரிக்கு மேல். மரம் பச்சையாக வளரும், பூக்க மாட்டாது. "இரண்டே வருடத்தில் காய்க்கும்" என்று சென்னைக்கு விற்பது தப்பு. வெள்ளி இலையின் அழகுக்காக வேண்டுமென்றால் வாங்குங்கள், காயை நம்பி எண்ணூறு ரூபாய் கொடுக்காதீர்கள்.

வால்பாறை_காட்டுவழி | ஜனவரி 19

ஆலிவ் என்ற பெயரில் வேறு மரத்தை விற்பதும் உண்டு. இலங்கையில் வெரளு என்று சொல்லும் காயை ஆங்கிலத்தில் சிலோன் ஆலிவ் என்பார்கள், கேரளத்தில் அதுவே காரக்காய். உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தின்ன அருமையான காய். தோற்றத்தில்தான் ஆலிவ், உறவே கிடையாது.

உண்மையான உறவு வேண்டுமென்றால் நம் வீட்டு மல்லிகையைப் பாருங்கள். மல்லிகை, முல்லை, பவளமல்லி எல்லாம் ஆலிவின் குடும்பம்தான். இன்னும் நெருங்கிய சொந்தம் இந்த மலையிலேயே இருக்கிறது. இடலை என்று சொல்வோம். சோலைக்காட்டில் பெரிய மரமாக நிற்கும், பழம் முற்றும்போது பறவைக் கூட்டம் வரும். அம்பத்தூர் நண்பர் இந்தப் பக்கம் வந்தால் அந்த மரத்தைக் காட்டுகிறேன்.

அம்பத்தூர்_மாடித்தோட்டம் | ஜனவரி 19

நன்றி அண்ணா, நன்றி ராஜா அண்ணா. வருத்தம்தான், ஆனால் தெரிந்துகொண்டது நல்லது. அந்தப் பணத்துக்கு இரண்டு மல்லிகைப் பதியன் வாங்கப்போகிறேன். என் ஆத்தா ஜெபப் புத்தகத்தைப் பார்த்து எப்போதும் "ஒலிவ மரம்" என்றே சொல்லும். அந்த மரத்தை ஒரு தடவை கண்ணால் காட்ட வேண்டும் என்று இருந்தது.

ஹாரோ_தர்சினி | ஜனவரி 20

தம்பி, என் மரத்தின் படம் அனுப்புகிறேன், ஆத்தாவுக்குக் காட்டுங்கள்.

மலர்விழி_மெல்பர்ன் | மார்ச் 22

நல்ல சேதி. மன்சனில்லோவில் அடித்தண்டிலிருந்து ஆறு இடத்தில் துளிர் வந்திருக்கிறது. பிப்ரவரி முழுக்க மொட்டையாக நின்றதைப் பார்த்து நம்பிக்கையே போய்விட்டது. மாமியார்தான் தண்டை நகத்தால் கீறி "பச்சை இருக்கிறது, விடு" என்றார். ஆர்பெக்கினாவில் பூச்சி போய்விட்டது, பழைய இலையில் புள்ளி மட்டும் அப்படியே இருக்கிறது.

இங்கே குளிர்காலம் வரப்போகிறது. ஜூன், ஜூலையில் இரவு நான்கைந்து டிகிரிக்கு இறங்கும். தொட்டியை வீட்டுக்குள் எடுத்து வைக்கலாமா?

அடிலெய்டு_செல்வம் | மார்ச் 22

வேண்டவே வேண்டாம்! பழைய இலையில் புள்ளி மறையாது, புது இலை சுத்தமாக வந்தால் போதும். குளிரைப் பற்றி ராஜா எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். உங்கள் ஊர்க் குளிர்தான் அதற்குப் பூ. உள்ளே வைத்தால் வெளிச்சமும் போகும், குளிரும் போகும், அடுத்த வருடம் ஒரு பூகூட வராது. கூரை மறைக்காத இடத்தில், வடக்கு வெயில் படுகிற பக்கம் வையுங்கள்.

அடித்தண்டுத் துளிரில் நல்லதாக மூன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். ஒட்டுக்கன்று என்றால் ஒட்டுக்குக் கீழே வருவதை வைக்கக் கூடாது. பெரும்பாலும் ஆலிவ் குச்சி வைத்துத்தான் வளர்க்கிறார்கள், கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹாரோ_தர்சினி | மார்ச் 23

எங்கள் ஊரில் இதே கேள்விக்குக் கொஞ்சம் வேறு பதில். நன்றாக வளர்ந்த மரம் சைபருக்குக் கீழே ஏழெட்டு டிகிரி வரை தாங்கும். ஆனால் சாடியில் இருக்கும் வேர் அவ்வளவு தாங்காது, நிலத்தில் இருக்கும் வேருக்குச் சுற்றிலும் மண் போர்வை, சாடிக்கு எதுவும் இல்லை. 2022 டிசம்பரில் ஒரு கிழமைக்கு மேல் உறைகுளிர் நின்றபோது சாடியைச் சுற்றாமல் விட்டேன். ஒரு மரத்தில் பட்டை நீளவாக்கில் வெடித்தது, மற்றது செத்துப் போனது. அன்றிலிருந்து நவம்பரிலேயே சாடிக்குக் குமிழித்தாள் சுற்றி, சுவரோடு ஒட்டி வைக்கிறேன். கடும் குளிர் இரவில் மட்டும் தலைக்கு மெல்லிய துணி. ஹீட்டர் போடும் அறைக்குள் ஒருநாளும் கொண்டு போனதில்லை.

இங்கே இன்னொரு கவனம் உண்டு. 2013-ல் இத்தாலியின் புலியாவில் சைலெல்லா என்ற பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக நின்ற மரங்கள் அங்கே கணக்கில்லாமல் காய்ந்தன. அதனால் ஐரோப்பாவில் இருந்து திரும்புபவர்கள் ஒரு குச்சியைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு வரக் கூடாது. ஆசையில் செய்கிற சின்னக் காரியம், ஒரு நாட்டின் மரங்களையே கொண்டுபோய்விடும்.

ஸ்கார்பரோ_சிவம் | மார்ச் 25

டொராண்டோவில் வெளியே விட்டால் முடிந்தது. நான் அக்டோபர் கடைசியில் ஜன்னல் உள்ள கராஜுக்குள் கொண்டு போவேன், ஐந்து முதல் பத்து டிகிரி இருக்கும். மாதம் இரண்டு தடவை மட்டும் தண்ணீர். முதல் வருடம் வரவேற்பறையில் வைத்து, செதில் பூச்சி வந்து, இலையெல்லாம் பிசுபிசுவென்று கரிப்பூஞ்சை படிந்தது. கராஜுக்கு மாற்றிய பிறகு வருடா வருடம் பூக்கிறது.

மலர்விழி_மெல்பர்ன் | நவம்பர் 8

பூத்துவிட்டது! ஆர்பெக்கினா முழுக்க. இவ்வளவு சின்னப் பூவாக இருக்கும் என்று நினைக்கவில்லை. வேப்பம்பூ மாதிரியே வெள்ளையாக, கொத்துக் கொத்தாக. அப்பாவுக்கு வீடியோ காலில் காட்டினேன், "வேப்பம்பூ ரசம் வைக்கலாம் போல இருக்கே" என்றார்.

ஆனால் காலையில் பார்த்தால் தரையெல்லாம் பூ. தேனீயும் வரவில்லை. கையால் மகரந்தம் தடவ வேண்டுமா? மன்சனில்லோ இந்த வருடம் பூக்கவில்லை.

அடிலெய்டு_செல்வம் | நவம்பர் 8

மலர்விழி, எனக்கே கண் கலங்குகிறது. மன்சனில்லோ பூக்காதது இயல்பு, போன வருடம் வளர்ந்த கிளையில்தான் ஆலிவ் பூக்கும். அதன் கிளையெல்லாம் இந்த வருடத்துத் துளிர்.

பூ உதிர்வதற்குக் கவலைப்படாதீர்கள். நூறு பூவுக்கு ஒன்றிரண்டு காயானால் நல்ல காய்ப்பு. நிறையப் பூ வெறும் ஆண் பூ. தேனீயும் தேவையில்லை, காற்றுதான் மகரந்தம் கொண்டு போகும். ஆர்பெக்கினா தன் மகரந்தத்திலேயே ஓரளவு காய்க்கும், வேறு ரகம் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் பகுதி பழைய இத்தாலிய, மால்டா நாட்டுக் குடும்பங்கள் இருந்த இடம். தெருவில் யார் வீட்டிலாவது ஆலிவ் நிற்கும் பாருங்கள். வெயில் நாளில் மகரந்தம் நிறையப் பறக்கும்போது மட்டும் லேசாகக் கிளையை உலுக்கிவிடுங்கள், போதும். வீட்டில் ஆஸ்துமா இருப்பவர்கள் அந்த நேரம் பக்கத்தில் போக வேண்டாம், ஆலிவ் மகரந்தம் ஒவ்வாமை தரக்கூடியது.

இந்தச் சமயத்தில் மட்டும் மண்ணைக் காயவிடாதீர்கள். பூக்கும்போதும் பிஞ்சு பிடிக்கும்போதும் தாகம் எடுத்தால் எல்லாவற்றையும் உதிர்த்துவிடும்.

மலர்விழி_மெல்பர்ன் | நவம்பர் 9

நான்கு வீடு தள்ளி ஒரு இத்தாலியப் பாட்டி வீட்டில் கூரை உயரத்துக்கு ஒரு மரம் நிற்கிறது! இத்தனை நாள் அந்த வழியாகத்தான் நடக்கிறேன், கவனித்ததே இல்லை.

மலர்விழி_மெல்பர்ன் | மே 3

நீண்ட நாள் கழித்து வருகிறேன். ஆர்பெக்கினாவில் இன்று பறித்த காய் 640 கிராம். பாதி பச்சை, பாதி ஊதா. மகள் ஒன்றை வாயில் போட்டுத் துப்பிவிட்டாள், அவ்வளவு கசப்பு. ஊறுகாய் எப்படிப் போடுவது? இணையத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரே நாளில் கசப்பு போகும் என்று படித்தேன். எண்ணெய் எடுக்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.

ஸ்கார்பரோ_சிவம் | மே 3

சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் கரைசலில் நான் செய்திருக்கிறேன். கையுறை, கண்ணாடி போட்டுச் செய்தால் வேகமாக முடியும், கசப்பும் சுத்தமாகப் போகும்.

அடிலெய்டு_செல்வம் | மே 4

சிவம், தொழிற்சாலைகளில் அப்படித்தான் செய்கிறார்கள், தப்பில்லை. ஆனால் மலர்விழி வீட்டில் சின்னக் குழந்தை. காஸ்டிக் ஒரு துளி பட்டாலும் தோலைப் பொசுக்கும். 640 கிராம் காய்க்காக அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். கசப்போடு சேர்த்து ருசியும் போய்விடுகிறது என்பது என் நாக்கு.

எண்ணெய்க்கு ஒரு லிட்டருக்கு ஐந்து கிலோவுக்கு மேல் காய் வேண்டும், ரகத்தைப் பொறுத்துப் பத்துக் கிலோகூட ஆகும். உங்களிடம் இருப்பதில் சில கரண்டிதான் வரும்.

மாவடு போட்டுப் பழகிய கைக்கு இது கஷ்டமே இல்லை. கசப்புக்குக் காரணம் ஒலியூரோபீன் என்ற பொருள், அது தண்ணீரில் மெதுவாக இறங்கும். ஒவ்வொரு காயிலும் கத்தியால் நீளமாக இரண்டு கீறல் போடுங்கள். தண்ணீரில் மூழ்கவிட்டு, மேலே மிதக்காமல் ஒரு சின்னத் தட்டை அழுத்தி வையுங்கள். தினமும் தண்ணீர் மாற்றுங்கள். பத்து நாளில் ஒன்றைக் கடித்துப் பாருங்கள், இன்னும் கசந்தால் நான்கு நாள் கூட்டுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் கல் உப்பு, கொதிக்கவைத்து ஆறிய பிறகு காய் மூழ்கும்வரை ஊற்றி, மேலே ஒரு விரல் உயரம் ஆலிவ் எண்ணெய். ஒரு மாதத்தில் சாப்பிடலாம். உப்பு அதிகமாகத் தெரிந்தால் எடுக்கும் காயை மட்டும் ஒரு இரவு நல்ல தண்ணீரில் போடுங்கள்.

மரத்தில் ஒரு காய்கூட விடாமல் பறித்துவிடுங்கள். இங்கே அடிலெய்டு குன்றுகளில் பறவையும் நரியும் விதையைக் கொண்டுபோய்ப் போட்டு ஆலிவ் காடாகவே பரவிவிட்டது. தெற்கு ஆஸ்திரேலியாவில் காட்டு ஆலிவ் அறிவிக்கப்பட்ட களை. நாம் நேசிக்கிற மரம் உள்ளூர் மரங்களை நெருக்கக் கூடாது.

மலர்விழி_மெல்பர்ன் | ஜூன் 19

இன்று ஜாடியைத் திறந்தோம். அந்த இத்தாலியப் பாட்டி வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோனேன். அவர் ஒன்றைக் கடித்து, தலையை ஆட்டி, உள்ளே போய்ப் பூண்டும் காய்ந்த ஓரிகானோவும் எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். அதைப் போட்ட பிறகு மணமே வேறு. மாமியார் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு, இன்னும் இரண்டு கேட்டார்.

ஒரு கேள்வி பாக்கி. ஆர்பெக்கினா இந்த வருடம் நிறையக் காய்த்ததே, மா மாதிரி அடுத்த வருடம் ஓய்ந்துவிடுமா? இப்போது கவாத்து செய்யலாமா?

அடிலெய்டு_செல்வம் | ஜூன் 19

ஆமாம், ஆலிவும் மா போலத்தான், ஒரு வருடம் காய்த்து ஒரு வருடம் ஓயும். கவாத்துக்கு அவசரம் வேண்டாம். கடும் குளிர் தாண்டி ஆகஸ்ட் கடைசியில் செய்யுங்கள். நடுவில் நெருங்கி நிற்கும் கிளையை மட்டும் எடுத்து, சூரிய வெளிச்சம் உள்ளே விழும்படி திறந்துவிடுங்கள். வெளிப்பக்கக் கிளை நுனிகளைத் தொடாதீர்கள், அடுத்த பூ அங்கேதான் வரும். மன்சனில்லோவைத் தொடவே வேண்டாம். நவம்பரில் அதுவும் பூக்கும் என்று எதிர்பார்க்கிறேன், பூத்தால் படம் போடுங்கள்.

அம்பத்தூர்_மாடித்தோட்டம் | ஜூன் 20

அக்கா, தர்சினி அக்கா அனுப்பிய படத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்து ஆத்தா கட்டில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். உங்கள் மரம் காய்த்த படத்தையும் ஒன்று அனுப்புங்கள்.

மலர்விழி_மெல்பர்ன் | ஜூன் 20

இதோ, மகள் மரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற படம். இப்போது இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே உயரம்.